பொன் வந்த வழி – 9: மாரிக்குப்பத்துப் பாறைக்குள்ளே

கோலார் தங்கவயலில் 1880களில் தொடங்கி 2001 வரை வெட்டியெடுத்த தங்கம் மொத்தம் ஏறத்தாழ 800 டன். இன்றைக்கு இந்தியா ஓராண்டில் வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்யும் தங்கம் 700 முதல் 800 டன். தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று வரிசையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் நூற்று இருபது ஆண்டுகளில் எடுத்துத் தந்ததை இந்த நாடு இப்போது ஒரே வருடத்தில் வாங்கி முடித்துவிடுகிறது. நகைக்கடையில் போய் உட்காரும்போது நமக்கு அன்றைய விலை தெரியும், செய்கூலி தெரியும், சேதாரம் எத்தனை சதவீதம் என்று பேரம் பேசவும் தெரியும். அந்தப் பொன் எந்த மண்ணிலிருந்து வந்தது, யார் கை அதை வெட்டியது என்பது மட்டும் தெரியாது. கோலாரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் லண்டன் கம்பெனிகளின் பெயருக்கு முன்னால் வட ஆர்க்காட்டுக்காரர்களின் பெயர் வரவேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது.

சென்ற இதழில், மிளகுக்கு ஈடாகக் கடல் தாண்டி வந்த ரோமாபுரிப் பொற்காசுகளைப் பார்த்தோம். இனி, நம் எல்லைக்குப் பக்கத்திலேயே பிறந்த பொன்.

தங்கவயல் உட்கார்ந்திருப்பது வடக்கு தெற்காகச் சுமார் 80 கி.மீ. நீளும் ஒரு குறுகிய பாறைப் பட்டையின் மேல். அகலம் நாலைந்து கி.மீ.தான். வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். பூமியின் ஆழத்திலிருந்து கொதிநீர் பாறைப் பிளவுகளின் வழியே மேலேறி வந்தபோது, கரைத்துக்கொண்டு வந்த தங்கத்தைப் படிகக்கல்லோடு சேர்த்து அந்தப் பிளவுகளில் படியவிட்டது. கறுத்த பாறைக்கு நடுவே நரம்பு ஓடுவதுபோல் இந்தக் கல் ஓடுகிறது. பெரிய நரம்புக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் சாம்பியன் ரீஃப். கல்லை உடைத்துக் கையில் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம்தான் தெரியும். மஞ்சள் எங்கேயும் கண்ணில் படாது. அரிதாக எப்போதாவது ஒரு துண்டில் மின்னும். நூற்று இருபது ஆண்டுகளில் மேலே கொண்டுவந்த தாதுக்கல் 5 கோடி டன்னுக்கு மேல். சராசரி போட்டுப் பார்த்தால் ஒரு டன் கல்லுக்கு 15, 16 கிராம் தங்கம். எட்டு கிராம் எடையுள்ள ஒரு பவுனுக்கு அரை டன் கல் உடைபட்டிருக்கிறது.

ஆங்கிலேயர் வந்துதான் கோலாரில் தங்கம் கண்டுபிடித்தார்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர். அது சரியல்ல. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்ட பிறகு, மைசூர் எல்லையை அளந்து குறிக்கும் வேலையில் இருந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். 1802-இல் கோலார்ப் பக்கம் வந்தபோது, அந்த மண்ணில் பொன் இருக்கிறது என்று ஊரார் பேசுவது அவர் காதில் விழுந்தது. காட்டுபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் ஊர்க்காரர்கள் ஒரு வண்டி மண்ணைக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே அலசிப் பொடியைப் பிரித்துக் காட்டினார்கள். ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட மண்ணிலிருந்து கிடைத்தது குந்துமணி எடையில் பாதி.

பக்கத்து மாரிக்குப்பத்தில் அவர் பார்த்தது இன்னும் முக்கியமானது. அங்கே மண்ணை அலசியதோடு நிற்கவில்லை. முப்பது அடி ஆழம்வரை குழி வெட்டி, அடியில் பக்கவாட்டில் குடைந்து, கல்லைக் கூடையில் போட்டுக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். மேலே பெண்கள் அந்தக் கல்லைப் பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்கி, நீரில் அலசியிருக்கிறார்கள். இறங்கியவர்கள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிக்காரர்கள். கல்லை இனம்காண்பது, நரம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் குடைவது, பொடியைத் தண்ணீரில் பிரிப்பது எல்லாம் அவர்கள் கையில் தலைமுறைகளாக இருந்த வித்தை. வாரனின் அறிக்கை அச்சானது. அவர்கள் பெயர் ஒன்றுகூட அதில் ஏறவில்லை.

வாரனுக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களும் மற்றவர்களும் அங்கங்கே தோண்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். எழுபது வருடம் கழித்து அந்த அறிக்கையைத் தூசு தட்டிப் படித்தவர் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு நடந்த போரில் சிப்பாயாக இருந்துவிட்டு, பெங்களூர் தண்டுப்பகுதியில் வந்து தங்கியவர். 1871-இல் மாட்டுவண்டியில் கோலாருக்குப் போய்ப் பழைய குழிகளைப் பார்த்தார். 1873-இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டு, அதை 20 ஆண்டுக்கு வாங்கினார். 1875-இல் உரிகத்துக்குப் பக்கத்தில் தோண்டத் தொடங்கினார். கையிலிருந்த பணம் கரைந்ததும் உரிமத்தைப் படை அதிகாரிகள் சிலர் சேர்ந்த கூட்டுக்கு விட்டுக்கொடுத்தார். பெங்களூரில் இன்றும் லவெல் ரோடு இருக்கிறது.

அந்தக் கூட்டு லண்டனிலிருந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற சுரங்க நிறுவனத்தை அழைத்து வந்தது. 1880-இல் மைசூர் சுரங்கக் கம்பெனி பிறந்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் செலவுதான் ஆனது, பங்குகள் பைசா விலைக்கு இறங்கின. இழுத்து மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்த நேரத்தில், 1883-இல் பிளம்மர் என்ற கார்ன்வால்காரர் பொறுப்புக்கு வந்தார். ‘கேப்டன்’ பிளம்மர் என்று எல்லாப் புத்தகத்திலும் இருப்பதைப் பார்த்து அவரைப் படைத்தலைவர் என்று நினைத்துவிட வேண்டாம். கார்ன்வாலில் சுரங்க மேலாளரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் செய்தது ஒன்றே ஒன்று. மாரிக்குப்பத்துப் பழைய குழிகள் எங்கே போய் நின்றனவோ அங்கிருந்து கீழே இறங்கினார். சாம்பியன் நரம்பு அகப்பட்டது. பேரும் புகழும் லாபமும் கொழித்த அந்தச் சுரங்கத்துக்கு வழிகாட்டியது, கூடையும் உளியும் வைத்து ஊர்க்காரர்கள் வெட்டிவைத்த குழிதான்.

அதன் பின் வரிசையாகக் கம்பெனிகள். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட். 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1905-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் எடுத்த தங்கம் 19 டன் அளவுக்குப் போனது. அதுதான் உச்சம்.

இத்தனை சுரங்கங்களின் ஷாஃப்டுகளுக்கும், அதாவது செங்குத்தாக இறங்கும் குழிகளுக்கும், ஆள் எங்கிருந்து வந்தது? 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நாம் மறக்கக் கூடாது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களில் நிலமில்லாதவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். ஆண்டையின் நிலத்தில் கூலி இல்லை, கூழும் இல்லை. கடல் கடந்து இலங்கைக்கும் மொரீஷியசுக்கும் போனவர்களைப் பற்றி நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்து, மலையேறிக் கோலாருக்குப் போனவர்களைப் பற்றி எழுதியது குறைவு. குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமங்கள் தெருத்தெருவாகத் தங்கவயலுக்குக் குடிபெயர்ந்தன. பெரும்பாலோர் ஆதிதிராவிடர். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களும் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்கள் 30,000 பேருக்கு மேல். மைசூர் சமஸ்தானத்துக்குள் ஒரு தமிழ் ஊர் முளைத்துவிட்டது.

ஊர் என்றால் ‘லைன்’. நீளவாக்கில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். தொடக்கத்தில் மூங்கில் தட்டியும் கூரையும்தான், பிறகு தகரம். இன்ன லைன்காரர் என்றால்தான் தங்கவயலில் ஆளை அடையாளம் தெரியும். மறுபக்கம் வெள்ளைக்காரர் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். இரண்டுக்கும் நடுவே ஆங்கிலோ இந்தியர் வீடுகள். ஊதியமும் அதே படிக்கட்டில்தான்.

இனி ஒரு பவுன் எப்படி வெளியே வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சங்கு ஊதும். ஷிப்ட் மாறும். ஆட்கள் கூண்டில் நெருக்கி நின்று இறங்குவார்கள். ஷாஃப்டு ஒரே மூச்சில் அடிவரை போகாது, ஒரு மட்டத்தில் இறங்கி நடந்து வேறொரு ஷாஃப்டில் மறுபடி இறங்க வேண்டும். ஆழம் போகப் போகப் பாறை சுடும். மூன்று கி.மீ. ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரிக்கு மேல். மேலிருந்து குளிர்ந்த காற்றை எந்திரத்தால் அனுப்பும் ஏற்பாடு வந்தது பிற்காலத்தில்தான். அதுவரை இடுப்புத் துணியோடு வேலை. தமரடிப்பவர் துளை போடுவார். துளையில் வெடி வைத்து, எல்லோரும் விலகிய பின் வெடிப்பார்கள். புகை அடங்கியதும் இடிந்து விழுந்த கல்லை மண்வெட்டியால் வாரி டிராம் வண்டியில் போட்டு, தண்டவாளத்தில் ஷாஃப்டுவரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். கல் எடுத்த இடம் குகையாக வாய் திறந்து நிற்கும். அதன் கூரை சரியாமல் இருக்க ஆரம்பத்தில் மரத்தூண் கொடுத்தார்கள். பிறகு கருங்கல் சுவர் அடுக்கினார்கள். தங்கம் உள்ள கல் மேலே போக, தங்கமில்லாத கருங்கல் கீழே இறங்கியது.

மேலே வந்த கல் ஸ்டாம்ப் மில்லுக்குப் போகும். வரிசையாக நிற்கும் கனத்த இரும்பு உலக்கைகள் மாறி மாறித் தூக்கி விழும். இரவு பகலாக அந்தச் சத்தம் நிற்காது. கல் தண்ணீரோடு சேர்ந்து மாவாகக் குழைந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடும். தங்கத் துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்றது வழிந்துவிடும். தகட்டிலிருந்து சுரண்டி எடுத்த பசையைத் துணியில் வைத்துப் பிழிந்து, மூடிய பாத்திரத்தில் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் பிரியும், தங்கம் தங்கும். வழிந்துபோன மணலிலும் தங்கம் மிச்சம் இருக்கும். 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்த சயனைடு முறை கோலாருக்கு வந்ததும் அதையும் விடவில்லை. மணலைத் தொட்டிகளில் நிரப்பிச் சயனைடு கரைசலில் ஊறவைத்து, அந்தக் கரைசலைத் துத்தநாகச் சீவலின் வழியே விட்டுத் தங்கத்தைப் படியவைத்தார்கள். கடைசியில் வெங்காரம் சேர்த்து உருக்கி, கட்டியாக வார்த்து, முத்திரை வைத்த பெட்டியில் துப்பாக்கிக் காவலோடு ரயிலேற்றினார்கள்.

அந்தப் பெட்டி போனது லண்டனுக்கு. நகை செய்யும் பத்தரின் பட்டறை கோலாருக்குப் பக்கத்திலேயே, ஒருநாள் பயணத்தில் இருந்தது. ஆனாலும் கோலார்த் தங்கம் பல ஆண்டுகள் கப்பலேறி லண்டனில் சுத்தமாகி அங்கேயே விற்பனையானது. அதே காலத்தில் நம் ஊர்ப் பத்தர்கள் உருக்கியது பெரும்பாலும் இங்கிலாந்து அரசரின் தலை பொறித்த சவரன் காசு. அந்தக் காசின் தங்கம் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வெட்டியது. மைசூர் அரசுக்கு உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு. லாபம் லண்டன் பங்குதாரர்களுக்கு. பிற்பாடு பம்பாயில் சுத்திகரிப்பு வசதி வந்த பிறகே கட்டிகள் பம்பாய்க்குப் போயின.

சுரங்கத்துக்கு வேண்டிய தண்ணீரும் மின்சாரமும் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்று நீர். வேலூர், ஆம்பூர்க்காரர்கள் தங்கள் ஊரில் குளித்த அதே ஆற்றின் மேல்பகுதி. மின்சாரம் காவிரியுடையது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்டினார்கள். அங்கிருந்து 147 கி.மீ. கம்பி இழுத்து 1902 ஜூன் கடைசியில் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. அன்றைக்கு உலகிலேயே நீளமான மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். காவிரியின் முதல் மின்சாரம் மக்களுக்கு அல்ல, தங்கத்துக்குப் போனது.

தங்கத்தைத் தோண்டுபவன் கையில் தங்கம் இருக்கக் கூடாது. இதற்காகவே மைசூர் அரசு 1897-இல் சுரங்கச் சட்டம் போட்டது. எப்படி வந்தது என்று காரணம் சொல்ல முடியாத தாதுக்கல்லோ தங்கமோ வைத்திருந்தால் அதுவே குற்றம். ஷிப்ட் முடிந்து வருபவரைச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். சுரங்கப் பகுதிக்குள் போகவர அனுமதி, காவல் நாய்கள்போல் சுற்றும் கண்காணிப்பு என்று ஊரே வேலிக்குள் இருந்தது. 1930-இல் தொழிலாளர் எல்லோரின் கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனிகள் கிளம்பியபோது பொறுமை அறுந்தது. திருடனிடம் வாங்குவதை எங்களிடம் வாங்குவதா என்று கொதித்துச் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் வேலை நிறுத்தம். அதுவரை அங்கே பதிவு பெற்ற சங்கம் எதுவும் நிலைத்திருக்கவில்லை. கூலி உயர்வு கேட்டு வந்த போராட்டம் இல்லை அது, மானம் கேட்டு வந்தது. எனக்குத் தங்கவயல் வரலாற்றில் மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

அந்த மானம் திடீரென்று முளைக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை விடாமல் வாங்கிப் படித்த ஊர்களில் தங்கவயல் முன்னால் நிற்கிறது. அவருடைய சாக்கைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. ஊரில் குளத்தில் இறங்கவும் கோயில் தெருவில் நடக்கவும் உரிமை இல்லாமல் வந்தவர்கள், இங்கே ஷிப்ட் முடிந்த நேரத்தில் மன்றம் வைத்துப் புத்தர் சரித்திரம் கேட்டார்கள், இரவுப் பள்ளி நடத்தினார்கள். கோலார் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பண்டிதர் 1914-இல் மறைந்த பின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-இல் மீண்டும் கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார். அது வெளிவந்த ஊர் சென்னை அல்ல, தங்கவயல். தமிழ் இதழியல் வரலாறு எழுதுபவர்கள் மாரிக்குப்பத்துக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் குறை.

பின்னாளில் ‘தங்கலான்’ போன்ற திரைப்படம் அந்த முதல் தலைமுறையைத் திரைக்குக் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் அங்கே நடந்த வாசிப்பும் வாதமும் எந்தப் படத்திலும் இன்னும் வரவில்லை.

ஆழத்துக்குத் திரும்புவோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3.2 கி.மீ. ஆழத்தை எட்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அவ்வளவு ஆழத்தில் பாறைமேல் ஏறியிருக்கும் பாரம் தாங்காமல், குடைந்த இடத்தைச் சுற்றியுள்ள பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். பழைய பொறியாளர்கள் இதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பதிந்தார்கள். மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், சுவர் விரியும். கீழே யார் ஷிப்ட் என்று பெண்கள் ஷாஃப்டு வாசலுக்கு ஓடுவார்கள். அத்தனை ஆழம் விஞ்ஞானத்துக்கும் பயன்பட்டது. 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தினர், ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை இந்தச் சுரங்கத்துக்குள் பதிவு செய்தார்கள். உலக அளவில் முதன்மையான கண்டுபிடிப்பு.

பாறை வெடிப்பைவிட மெதுவாகவும் அதிகமாகவும் கொன்றது கல்தூசு. துளை போடும்போது பறக்கும் நுண்தூசு நுரையீரலில் படிந்து அதை இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934-இல் பதிவானதே தங்கவயல் தொழிலாளர்களிடம்தான். 1940களில் 7,653 பேரைச் சோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அது இருந்தது. மூச்சிரைப்பும் இருமலுமாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்ட நாற்பது வயதுக்காரர் இல்லாத லைன் அன்று இல்லை. ஒரு சவரனுக்கு அரை டன் கல் என்று மேலே கணக்குச் சொன்னேன். அந்தக் கல்லின் தூசும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் 1956-இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962 டிசம்பரில் அவை மத்திய நிதி அமைச்சகத்திடம் போயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. ‘சுரங்கம் நஷ்டத்தில் ஓடுகிறது’ என்ற பேச்சு இந்தக் காலத்தில்தான் வலுத்தது. அதன் பின்னணியை நேராகச் சொல்ல வேண்டும். அரசு இந்தத் தங்கத்தைத் தானே எடுத்துக்கொண்டு, சர்வதேச அதிகாரபூர்வ விலையான தோலா 62 ரூபாய் 50 காசு என்ற கணக்கில் வரவு வைத்தது. வெளியே கடைத்தெருவில் விலை அதைப்போல் இரண்டு மடங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. விற்கிற பொருளுக்குப் பாதி விலை போட்டுவிட்டுத் தொழிலாளர் செலவைக் காட்டி நஷ்டம் என்பது நியாயமான கணக்கல்ல. கல்லில் தங்கம் குறைந்துகொண்டே வந்ததும் உண்மைதான். தொடக்க காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த நரம்பு, கடைசியில் மூன்று நாலு கிராமுக்கு வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து 2001 பிப்ரவரி கடைசி நாளோடு சுரங்கத்தை மூடவைத்தன. அப்போது வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல்.

மின்சாரம் நின்றது, பம்புகள் நின்றன, ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ரயில்கள் தங்கவயல்காரர்களைப் பெங்களூர் வேலைக்கு ஏற்றிச் செல்கின்றன. போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. ஊருக்குள் மிச்சமிருப்பவை சயனைடு மேடுகள். தங்கம் எடுத்தபின் கொட்டிய மணல், 13 குன்றுகளாக, ஏறத்தாழ 3.3 கோடி டன். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மணல் வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டில் விழுகிறது. அதிலும் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இருக்கிறது என்பதால், 2024 ஜூனில் அந்த மேடுகளை மறுபடி அலசிப் பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மணலுக்கு விலை வந்துவிட்டது. அதை வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு, குடியிருக்கும் லைன் வீட்டைச் சொந்தமாக்கித் தரும் கோரிக்கையும் அதே வேகத்தில் முடிய வேண்டும்.

இப்போது நம் கழுத்தில் இருப்பது எங்கே வெட்டியது? கர்நாடகத்து ராய்ச்சூர் மாவட்டத்தில் ஹட்டிச் சுரங்கம் இன்னும் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒன்றரை டன் அளவில்தான் தருகிறது. மற்றதில் பெரும்பகுதி வெளியிலிருந்து. அதிகம் வருவது சுவிட்சர்லாந்திலிருந்து. அந்த நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான தங்கச் சுரங்கம் கிடையாது, இருப்பவை சுத்திகரிப்பு ஆலைகள். கானா, பெரு, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ வெட்டியதும், பழைய நகையை உருக்கியதும் அங்கே ஒன்றாகக் கலந்து கட்டியாகின்றன. உலகில் வெட்டும் தங்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறு சுரங்கக் கூலிகள் கையால் எடுப்பது. அவர்களில் பலர் பாதரசத்தை இன்றும் வெறுங்கையால் பிசைகிறார்கள். நம் நகையில் இப்போது ஆறு எழுத்து ஹால்மார்க் எண் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. அந்த எண்ணைச் செயலியில் தட்டினால் சுத்தம் எவ்வளவு, எந்த மையம் சோதித்தது என்று வரும். சுரங்கம் எது என்று வராது.

தங்கம் அழிவதில்லை, உருக்கினால் பழைய அடையாளமும் இருப்பதில்லை. உங்கள் பாட்டியின் காசுமாலை கைமாறி, உருகி, உங்கள் மகளின் சங்கிலியானபோது அதில் ஒரு துளி மாரிக்குப்பத்தினுடையதாக இருக்க வாய்ப்புண்டு. அதைச் சோதித்து நிரூபிக்க வழியில்லை. நிரூபிக்க முடிந்தது மனிதர்களின் கதைதான். அதற்கும் காலம் அதிகம் இல்லை. கடைசி ஷிப்டில் ஏறி வந்தவர்களில் இளையவர்களுக்கே இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கம்பெனிக் கணக்குகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கும். தொழிலாளியின் கணக்கு வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில், சொந்தத்தில் யாராவது தங்கவயலில் வேலை பார்த்திருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த லைன், எந்த ஷாஃப்டு, எத்தனாவது மட்டம், கூட இறங்கியவர்கள் யார் என்று பெயர் பெயராக எழுதிவையுங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, சங்க ரசீது, மருத்துவமனைக் காகிதம், பழைய ‘தமிழன்’ இதழ் எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள்.

அடுத்த இதழில்: 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேல் நகை செய்யத் தடை, பட்டறையை மூடிய பத்தர்கள்.